அட்டை கறுத்தது, குளவி பறக்கவில்லை: ஒரு டிரைக்கோகிரம்மா உற்பத்திக் கூடத்தின் மறுமுட்டைச் சிக்கல்

பின்னணி

கொங்குப் பகுதியில், பவானி ஆற்றுப் பாசனத்தில் கரும்பு விளையும் ஊர் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழு நடத்திவந்த சிறிய கூடம் இது. அங்கே தயாரானது ஒரே பொருள்தான்: டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவியைச் சுமந்த அட்டை. ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே உள்ள இந்தக் குளவி, இளங்குருத்துப் புழு, இடைக்கணுப் புழு ஆகியவற்றின் தாய் அந்துகள் கரும்புத் தோகையில் இட்டுவைக்கும் முட்டைகளைத் தேடிப்பிடித்து, அவற்றுக்குள் தன் முட்டையை இடும். அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும். இடைக்கணுப் புழுவுக்கு, நட்ட நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஹெக்டேருக்கு 2.5 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை வீதம் ஆறு முறை அட்டை கட்டுவது தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை.

கூடத்தின் வேலைமுறையில் புதுமை எதுவும் இல்லை. உடைத்த கம்பும் நிலக்கடலைப் பொடியும் கலந்த பேசினில் கார்சிரா அந்துப்பூச்சியை, குளவிக்கு வேண்டிய முட்டைக்காக வளர்ப்பார்கள். அந்துகள் இடும் முட்டையைச் சலித்துத் தூசு நீக்கி, கரு இறந்துபோவதற்காகப் புற ஊதா விளக்கின் கீழ் முக்கால் மணி நேரம் வைப்பார்கள். கரு சாகாமல் விட்டால் கார்சிரா புழு பொரிந்து பக்கத்து முட்டைகளைத் தின்றுவிடும். பிறகு கோந்து தடவிய அட்டையில் முட்டையைத் தூவிக் காயவைத்து, பாலிதீன் பைக்குள் தாய் அட்டையோடு சேர்த்துக் கட்டுவார்கள். தாய் அட்டை என்பது முந்தைய தலைமுறையில் ஒட்டுண்ணி ஏறி, குளவி வெளிவரும் தறுவாயில் இருக்கும் அட்டை. மூன்றாம், நான்காம் நாளில் புதிய முட்டைகள் கறுக்கும். அப்போது எடுத்து வெட்டி விற்பனைக்கு அனுப்புவார்கள். அனுப்ப நாளாகும் என்றால் 10 டிகிரி செல்சியஸில் ஃப்ரிட்ஜில் வைப்பார்கள்.

அளவெல்லாம் சிசியில்தான். 1 சிசி கார்சிரா முட்டை என்றால் எண்ணிக்கையில் 16,000 முதல் 20,000 வரை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விகிதம் 6 சிசி புது முட்டைக்கு 1 சிசி தாய் அட்டை. எத்தனை மணி நேரம் சேர்த்து வைப்பது என்பது குழுவின் குறிப்பேட்டில் எழுதப்படவே இல்லை. குளவிகள் பைக்குள்ளேயே செத்து விழும்வரை, அதாவது மூன்று நான்கு நாள் விட்டுவைப்பதே பழக்கமாக இருந்தது.

சிக்கல் தொடங்கியது கார்சிரா பக்கத்தில். வளர்ப்பு அறைக்குள் பிராகான் குளவி புகுந்துவிட்டது. இது கார்சிரா புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, அதன் உடல்மேல் முட்டையிடும் வேறொரு ஒட்டுண்ணி. தென்னைக் கருந்தலைப் புழுவுக்கு எதிராக நண்பன், கார்சிரா அறைக்குள் வந்துவிட்டால் பெரும் பகை. சில வாரங்களில் அந்து எண்ணிக்கை சரிந்து, நாள்தோறும் கிடைக்கும் முட்டை பாதிக்கும் கீழே போனது. கரும்புக்கு நான்காம் மாதம் வந்து அட்டை கேட்டு ஆள் வரும் நேரமும் அதுதான்.

தாய் அட்டைக்கோ பஞ்சமே இல்லை. ஃப்ரிட்ஜில் அடுக்கி வைத்திருந்ததை வீணாக்குவானேன் என்று, முன்பு போட்ட அதே அளவு தாய் அட்டையைக் குறைந்துபோன முட்டைகளோடு சேர்த்துப் போட்டார்கள். 6:1 என்று குறிப்பேட்டில் இருந்த விகிதம் நடைமுறையில் 2.5:1 ஆகிவிட்டது. விகிதத்தை மாற்றுகிறோம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை.

கவனித்தவை

முதல் புகார் ஒரு கரும்பு விவசாயியிடமிருந்து வந்தது. குழுத் தலைவியிடம் அவர் சொன்னது: "அக்கா, அட்டையெல்லாங் கறுப்பாத்தானுங்க இருக்குது. கட்டி நாலு நாளாச்சு, பூச்சி வந்த மாதிரியே தெரியலீங்க."

கூடத்தில் தரம் பார்த்த முறை ஒன்றே ஒன்று: அட்டையில் எத்தனை விழுக்காடு முட்டை கறுத்திருக்கிறது என்று கண்ணளவில் பார்ப்பது. அந்தக் கணக்குப்படி புகாருக்குள்ளான தொகுதிகள் முன்பைவிட நன்றாகவே இருந்தன. வெள்ளை முட்டை அரிதாகவே தென்பட்டது. அதனால் முதல் இரண்டு வாரம் பழி வெயில்மீதும், அட்டையைக் கட்டிய ஆள்மீதும், பக்கத்து வயலில் அடித்த மருந்துமீதும் போனது.

மூன்றாவது புகாருக்குப் பிறகு, அனுப்பாமல் மிஞ்சிய அட்டைத் துண்டுகளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கூடத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். குளவி வந்தது. ஆனால் குறைவாக வந்தது. வந்ததிலும் ஒரு பகுதி வழக்கத்தைவிடச் சிறிதாக இருந்தது. சிலவற்றின் சிறகு விரியாமல் முதுகில் சுருண்டு கிடந்தது. அவை குப்பிச் சுவரில் ஏறினவே தவிர எழும்பவில்லை. வெயிலும் மருந்தும் படாத கூடத்துக்குள்ளேயே இது நடந்ததால், கோளாறு அட்டை வெளியே போகும் முன்பே இருந்தது என்பது உறுதியானது.

குளவி வைக்கும் குறி

இனி வருவதைப் புரிந்துகொள்ள, நுண்ணோக்கிக்குக் கீழே ஒரு பெண் குளவி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது முட்டைமேல் ஏறியதும் உணர்கொம்பால் மேற்பரப்பைத் தட்டிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடக்கும். இந்த நடையிலேயே முட்டையின் பருமனை அளந்துவிடுகிறது. பெரிய முட்டை என்றால் அதற்குள் ஒன்றுக்கு மேல் இடும். கார்சிரா அளவுள்ள சிறிய முட்டைக்கு ஒன்றுதான். பிறகு ஓரிடத்தில் நின்று, வயிற்றுப் பகுதியை வளைத்து, முட்டையிடும் ஊசியால் ஓட்டைத் துளைக்கும். ஊசி உள்ளே இறங்கியபின் உடல் அசையாது. வயிறு மட்டும் மெல்லத் துடிக்கும். ஊசியை உருவிய பின் முட்டைமேல் சற்று நடந்துவிட்டு இறங்கிப் போகும்.

இதற்குள் இரண்டு குறிகள் வைக்கப்பட்டுவிடுகின்றன. கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் சால்ட் 1930களில் டிரைக்கோகிரம்மா எவனெசென்ஸ் குளவியில் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. குளவி வெறுமனே நடந்துபோன முட்டையைக்கூட, உள்ளே எதுவும் இடப்படாத நிலையிலும், அடுத்து வந்த குளவி தவிர்த்தது. அந்த முட்டையைத் தண்ணீரில் கழுவினால் மறுபடி ஏற்றுக்கொண்டது. ஆக, காலிலும் உடலிலும் இருந்து ஒட்டும் ஏதோ ஒரு வேதிப்பொருள் வெளிக்குறியாக நிற்கிறது. தண்ணீருக்கு அது போய்விடும். ஆனால் உண்மையிலேயே முட்டையிடப்பட்ட ஒன்றைக் கழுவிக் கொடுத்தால் குளவி ஏறித் துளைக்கும், ஊசி உள்ளே போனதும் இடாமல் உருவிக்கொள்ளும். உள்ளே இன்னொரு குறி இருக்கிறது, அதை ஊசி முனை உணர்கிறது. வெளிக்குறியை உணர்வது உணர்கொம்பின் வேலை.

மற்றக் குளவிக் குடும்பங்களில் இதே வேலை வேறு விதமாக நடக்கிறது. நாவாய்ப் பூச்சி முட்டையைத் தாக்கும் டிரிசோல்கஸ் இனங்கள் இட்டு முடித்ததும் ஊசி முனையை முட்டை ஓட்டின்மேல் இழுத்துப் பூசிவிட்டே நகரும். புழுவைத் தாக்கும் சில இனங்களில் குறிப்பொருள் சுரப்பது, முட்டையிடும் உறுப்பை ஒட்டியுள்ள டூஃபோர் சுரப்பி.

குளவிக்கு இதனால் என்ன லாபம் என்பது எளிது. கார்சிரா முட்டைக்குள் ஒரு குளவிக்குத்தான் தீனி உண்டு. இரண்டாவதாக இடப்படும் முட்டை பெரும்பாலும் வீண். இடுவதற்கு ஆகும் நேரமும் வீண்.

கூடங்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குறி ஓர் அறிவிப்புதான், பூட்டு அல்ல. பேருந்தில் துண்டு போட்டு இடம்பிடிப்பது போன்றது: வண்டி காலியாக இருக்கும்வரை எல்லோரும் மதிப்பார்கள், நெரிசலில் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். குறியற்ற முட்டை கிடைக்கும்வரை குளவி குறி பட்டதைத் தாண்டிப் போகும். வயிற்றில் முட்டை முதிர்ந்து நிற்க, சுற்றிலும் குறி பட்டவையே இருந்தால், சில மணி நேரத் தயக்கத்துக்குப் பிறகு அதிலேயே இடும். இப்படி ஏற்கெனவே இடப்பட்ட முட்டைக்குள் மீண்டும் இடுவதுதான் மறுமுட்டை. குறி பட்டதை ஒதுக்கும் பழக்கம் அனுபவத்தோடும் சேர்ந்து வருகிறது. நல்ல முட்டையையே சந்தித்திராத புதுக் குளவி, குறி பட்டதை அவ்வளவு கறாராக ஒதுக்காது என்பது பிற ஒட்டுண்ணி இனங்களில் 1970களிலிருந்தே அறியப்பட்ட ஒன்று. பாலிதீன் பையில் குளவி வேறெங்கும் பறந்துபோய்த் தேட வழியில்லை. வயலில் ஒட்டுண்ணி இட்ட முட்டையைக் கண்டதும் அடுத்த இலைக்குப் போகும் அதே குளவிதான் பைக்குள் திரும்பத் திரும்ப அதே முட்டைமேல் ஏறுகிறது.

இரண்டு மூன்று குளவிப் புழுக்கள் ஒரு முட்டைக்குள் போட்டியிட்டால் பெரும்பாலும் ஒன்று மிஞ்சும், ஆனால் தீனி குறைந்து சிறுத்து வரும். சில முட்டைகளில் எல்லாமே சாகும். அரிதாக, ஊசிமுனை அளவில் இரண்டு வெளிவரும். இன்னொரு விளைவும் உண்டு. கருவுற்ற முட்டை பெண்ணாகவும் கருவுறாதது ஆணாகவும் வளர்வதால், எதை இடுவது என்பது தாயின் கையில். நெரிசலிலும், ஏற்கெனவே இடப்பட்ட முட்டையிலும் தாய் ஆண் முட்டையைக் கூடுதலாக இடும். வயலில் வேலை செய்வது பெண் குளவி மட்டுமே.

கறுப்பு நிறம் இதில் எதையும் காட்டாது. குளவிப் புழு முதிரும்போது முட்டை ஓட்டின் உட்புறத்தில் படியும் கருந்துகள்களால்தான் முட்டை கறுக்கிறது. உள்ளே ஒரு புழு இருந்தாலும் மூன்று இருந்தாலும், அவை பிறகு செத்தாலும் பிழைத்தாலும் வெளியே ஒரே கறுப்புதான்.

கணக்கு

பைக்குள் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தார்கள். சிசிக்கு 18,000 முட்டை, 90 விழுக்காடு பொரிப்பு, வந்ததில் 60 விழுக்காடு பெண் என்று வைத்தால், 1 சிசி தாய் அட்டையிலிருந்து 9,700 பெண் குளவி வரும். 6 சிசி புது முட்டை என்றால் 1,08,000. ஒரு பெண்ணுக்கு 11 முட்டை. 2.5 சிசி என்றால் 45,000. ஒரு பெண்ணுக்கு நான்கரை.

ஒரு பெண் தன் வாழ்நாளில் பல பத்து முட்டை இடும். அதில் பெரும்பகுதியை முதல் ஓரிரு நாளிலேயே இட்டுவிடும். இந்தக் கணக்கில் 2.5:1 மட்டும் தவறு என்று நிறுத்திவிட முடியாது. 6:1 விகிதத்தில்கூட, குளவியை மூன்று நான்கு நாள் பைக்குள் விட்டால் ஒரு முட்டைக்கு ஒன்றுக்கு மேல் விழுந்தே தீரும். விகிதம் என்பது நேரத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய எண். பயிற்சியில் பாதி எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

சோதனை

கணக்கு சரியாகவே இருந்தாலும், வேறு காரணங்களைத் தள்ளாமல் முடிவுக்கு வர முடியாது. ஃப்ரிட்ஜில் அதிக நாள் இருந்த அட்டையும் குறைவாகப் பொரியும், சிறகு சுருண்ட குளவியையும் தரும். அறை வெப்பம் 35 டிகிரிக்கு மேல் ஏறினாலும் அப்படித்தான். அதனால் ஃப்ரிட்ஜுக்கே போகாத முட்டையை, ஒரே நாளில் சேகரித்த ஒரே தொகுதியிலிருந்து எடுத்து, மூன்று பைகளாகப் பிரித்து, ஒரே அலமாரியில் 27 டிகிரி அளவில் வைத்தார்கள். முதல் பை அப்போது நடப்பில் இருந்தபடி: 2.5:1, நான்கு நாள். இரண்டாவது 6:1, நான்கு நாள். மூன்றாவது 6:1, 24 மணி நேரம் கழித்துத் தாய் அட்டையும் குளவியும் வெளியே.

ஒவ்வொரு பையிலும் மூன்று விதமாகப் பார்க்கப்பட்டது.

முட்டையைப் பிளந்து பார்ப்பது: சேர்த்து வைத்த இரண்டாம் நாளில், கறுப்பதற்கு முன், அட்டையிலிருந்து முட்டையை ஈரத் தூரிகையால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் உப்புக் கரைசல் துளியில் வைத்து, மெல்லிய பூச்சி ஊசியால் கிழித்து, மூடுதகடு போட்டுப் பார்ப்பது. நூறு மில்லி தண்ணீருக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. வெறும் தண்ணீரில் போட்டால் குளவிப் புழு உப்பி உடைந்துவிடும், எண்ண முடியாது. இதற்கான நுண்ணோக்கி குழுவிடம் இல்லை. பக்கத்து வேளாண் ஆய்வகம் ஒன்றில் பயன்படுத்திக்கொண்டார்கள். பழக்கமில்லாத கைக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முதலில் கிழித்தவற்றில் பாதி கசங்கிப்போனதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பொரிப்பு: நூறு கறுத்த முட்டை உள்ள துண்டைக் குப்பியில் இட்டு, பஞ்சால் அடைத்து, எல்லாம் ஓய்ந்தபின் லென்ஸில் வெளியேறிய துளைகளை எண்ணுவது. குளவியை எண்ணுவதைவிடத் துளையை எண்ணுவது எளிது, தவறும் குறைவு. அதே குப்பியில் இறந்த குளவிகளைக் கொண்டு ஆண், பெண் பிரிக்கலாம்: ஆணின் உணர்கொம்பில் நீண்ட மயிர்கள் சிலிர்த்து நிற்கும், பெண்ணுடையது முனையில் தடித்திருக்கும்.

பறத்தல்: அடியும் பக்கமும் கறுப்புத்தாள் சுற்றிய ஜாடி. உட்சுவரில் அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் ஒரு விரலகலப் பட்டையாக கிரீஸ். மேல்மூடி கண்ணாடி, அதன் உட்புறமும் மெலிதாக கிரீஸ். மேலே விளக்கு. நடந்து ஏறுவது பட்டையில் ஒட்டும், பறந்தது மூடியில் ஒட்டும், எதுவும் செய்ய இயலாதது அடியில் கிடக்கும்.

மூன்றாவது பையில் பெரும்பாலான முட்டைகளுக்குள் ஒரே ஒரு குளவிப் புழு. பொரிப்பு பத்துக்கு ஒன்பது என்ற அளவில் இருந்தது. முதல் பையில் இரண்டும் அதற்கு மேலும் இருந்த முட்டைகளே அதிகம். பொரிப்பு பாதிக்குச் சற்று மேல். ஆண்கள் பெண்களை மிஞ்சினார்கள். ஜாடி மூடிக்குப் போனவை மிகக் குறைவு. இரண்டாவது பை இவற்றுக்கு இடைப்பட்டது. விகிதம் சரியாக இருந்தும் நேரம் பிசகினால் தரம் குறைகிறது என்பதை இந்த இரண்டாவது பைதான் நிரூபித்தது. அதை வைக்காமல் முதலையும் மூன்றையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் குழு விகிதத்தை மட்டும் திருத்திவிட்டு ஓய்ந்திருக்கும்.

கறுத்த விழுக்காட்டில் மட்டும் முதல் பைக்கே முதலிடம்.

ஒரு கிளைக் கேள்வி எழுந்தது. வெயில் நாட்களில் அட்டை காயாமலிருக்க ஒருவர் பைக்குள் தண்ணீர் தெளித்துவந்தார். அது வெளிக்குறியைக் கழுவி மறுமுட்டையைத் தூண்டியிருக்குமா? உள்குறி அப்படியே நிற்பதால் தெளிப்பு மட்டுமே முழுக்காரணமாக இருக்க முடியாது. ஆனால் குளவி துளைத்துப் பார்த்துவிட்டு உருவ வேண்டியிருப்பதால் நேரம் போகும், முட்டை ஓட்டில் வீண் துளையும் விழும். தெளிப்பு தனியாகச் சோதிக்கப்படவில்லை. கோந்தில் பூஞ்சை பிடிக்கிறது என்ற இன்னொரு காரணத்துக்காகவே அதை நிறுத்திவிட்டு, அலமாரியின் கீழ்த்தட்டில் தண்ணீர்த் தட்டு வைப்பது என்று முடிவானது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அளக்கும் வரிசை தலைகீழானது. முன்பு தாய் அட்டையை எடுத்து வைத்துவிட்டு முட்டை தேடினார்கள். இப்போது அன்றைய முட்டையை அளவுக் குழாயில் அளந்து எழுதிய பிறகே தாய் அட்டையை அதில் ஆறில் ஒரு பங்காக வெட்டுவது. மிஞ்சும் தாய் அட்டையை எறிந்துவிடுவது. எறிவதற்குத்தான் குழுவில் எதிர்ப்பு அதிகம் இருந்தது.

பைக்குள் 24 மணி நேரம். குளவிகள் பெரும்பாலும் விடிகாலையில் வெளிவருவதால், முந்தைய மாலையே பையைக் கட்டி, முதல் குளவி தென்பட்ட காலையிலிருந்து நேரத்தைக் கணக்கிடுவது. பையைக் கட்டிய நேரத்திலிருந்து எண்ணினால் பாதி நாள் வீணாகிவிடும்.

நேரம் முடிந்ததும் குளவியைப் பிரிக்க ஒரு வழி: பையின் அட்டை இருக்கும் பகுதியைக் கறுப்புத் துணியால் மூடி, வாயை வெளிச்சம் பார்த்துத் திருப்பி, புதிய முட்டை அட்டை உள்ள இரண்டாவது பையோடு வாய்க்கு வாய் சேர்த்துக் கட்டுவது. குளவி வெளிச்சத்தை நோக்கி நடந்துவிடும். அரை மணியில் பெரும்பாலானவை மாறிவிடும், மிச்சத்தை மென்தூரிகையால் தட்டிவிடலாம். இரண்டாவது பையில் தேனும் தண்ணீரும் சரிபாதி கலந்து காகிதத்தில் கோடாக இழுத்துவைக்க வேண்டும். துளியாக வைத்தால் குளவி மூழ்கிவிடும். இந்த இரண்டாம் நாள் அட்டையை விற்கலாம். தாய் அட்டையாக எடுக்கக் கூடாது. தாய் அட்டை எப்போதும் முதல் நாள் தொகுதியிலிருந்துதான்.

முட்டையைக் கையால் தூவாமல் தேநீர் வடிகட்டியால் ஒற்றைப் படலமாகத் தூவுவது. குவியலாக விழுந்தால் அடியில் உள்ளவை குளவிக்கு எட்டாது. எட்டும் மேல்படலத்தில் மறுமுட்டை கூடும். கையிலுள்ள முட்டை அளவு சரியாக இருந்தாலும் குளவிக்குக் கிடைக்கும் முட்டை குறைந்துவிடும்.

தரம் பார்ப்பதில் கறுப்புக்குப் பதில் பொரிப்பு. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் நூறு முட்டைத் துண்டு ஒன்று கூடத்திலேயே நிற்கும். ஜாடிச் சோதனை மாதம் ஒருமுறை.

கடைசி முடிவு எளிதில் வரவில்லை. விற்பனை பார்த்த உறுப்பினர் தலைவியிடம் சொன்னது நியாயமான அச்சம்: "வெள்ளையா நாலு முட்டை தெரிஞ்சாலே இது சரியில்லன்னு திருப்பிக் குடுத்துருவாங்கக்கா." 24 மணி நேர முறையில் சில முட்டைகள் கறுக்காமல் நிற்கத்தான் செய்யும். அவற்றின் கரு ஏற்கெனவே புற ஊதாவில் இறந்துவிட்டதால் வயலுக்கு ஒரு தீங்கும் இல்லை. ஆனால் இதை ஒவ்வொருவரிடமும் விளக்க வேண்டியிருந்தது. அட்டையின் பின்புறம் தயாரித்த நாள், குளவி வரும் நாள், முந்தைய தொகுதியின் பொரிப்பு ஆகிய மூன்றையும் கையால் எழுதித் தருவது என்று ஒத்துக்கொண்டார்கள்.

தொடர்ந்து நடந்தது

முதல் தலைமுறையிலேயே முன்னேற்றம் வரவில்லை. புதிய முறைக்குத் தாயாகப் போட்டது பழைய நெரிசலில் பிறந்த சிறு குளவிகளைத்தான். அவற்றில் பெண் குறைவு, இடும் திறனும் குறைவு. கறுப்பு விழுக்காடு திடீரென்று விழுந்தது. இதைக் கண்டு பழைய முறைக்கே திரும்பலாம் என்ற பேச்சு எழுந்தது. இந்தக் கட்டத்தில் முறையை விட்டுவிடும் கூடங்கள் உண்டு. வேறொரு உற்பத்தியாளரிடமிருந்து நல்ல தாய் அட்டை வாங்கிப் புதிதாகத் தொடங்கியபின், 27 டிகிரியில் தலைமுறைக்கு எட்டு ஒன்பது நாள் என்ற கணக்கில், ஒரு மாதத்துக்குள் பொரிப்பும் பெண் விகிதமும் நிலைபெற்றன. சுருண்ட சிறகு அரிதானது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கார்சிரா முட்டை குறைவாக இருந்தவரை அட்டை எண்ணிக்கையும் குறைந்தது. கேட்ட நேரத்தில் கொடுக்க முடியாததால் வாங்குவோர் சிலர் விலகினார்கள். புகார் சொன்ன விவசாயிகளில் சிலருக்கு ஈடாக அட்டை கொடுக்கப்பட்டது. பிராகான் தொல்லை முழுதாகத் தீரவில்லை. வளர்ப்பு அறைக்கு நெருக்கமான வலை அடித்து, பாதித்த பேசின்களை வெந்நீரில் கொட்டி அழித்தபின் அடங்கியது. பிறகு ஒருமுறை தலைகாட்டியது. அந்த முறை முட்டை குறைந்ததும் தாய் அட்டையும் தானாகக் குறைந்தது, ஏனென்றால் அளக்கும் வரிசை மாறிவிட்டிருந்தது.

வயலில் இடைக்கணுப் புழு இதனால் எவ்வளவு குறைந்தது என்று அளக்கப்படவில்லை. குளவியின் தரம் உயர்ந்தது என்பது வரைதான் இந்த நிகழ்வு காட்டுவது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

புகார் வந்த அன்றே கூடத்தில் ஒரு துண்டைக் குப்பியில் போட்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டு நிறுத்திவைப்பது செலவில்லாத வேலை, அதைத் தொடக்கத்திலிருந்தே செய்திருக்க வேண்டும்.

முட்டையைப் பிளந்து பார்க்கும் சோதனையை எல்லாக் கூடமும் செய்யத் தேவையில்லை. பொரிப்பும் ஆண் பெண் கணக்கும் சேர்ந்தே மறுமுட்டையைக் காட்டிக்கொடுக்கும். கறுப்பு அதிகம், பொரிப்பு குறைவு, ஆண் அதிகம் என்ற மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது விகிதமும் நேரமும். பொரிப்பு குறைந்து ஆண் பெண் கணக்கு மாறாமல் இருந்தால் ஃப்ரிட்ஜையும் அறை வெப்பத்தையும் பாருங்கள்.

தாய் வரிசையைத் தனியாக வைப்பது இன்னும் நடக்கவில்லை. விற்பனைக்குப் போகும் தொகுதியிலிருந்தே தாய் அட்டையை எடுக்கும்வரை, ஒரு மோசமான வாரம் அடுத்த இரண்டு தலைமுறைக்குத் தொற்றும். சிறிய அளவில், 10:1 போன்ற தாராளமான விகிதத்தில், தாய்க்கென்றே ஒரு பை ஓட்டுவது பாதுகாப்பு. அவ்வப்போது கரும்பு வயலிலிருந்து சேகரித்த முட்டைகளில் வெளிவரும் குளவியை இதில் கலப்பதும் நல்லது.

மக்காச்சோளப் படைப்புழு 2018இல் இந்தியாவுக்குள் வந்தபின் அதன் முட்டையைத் தாக்கும் டெலினோமஸ் ரீமஸ் குளவியின் அட்டைக்கும் கேட்பு உண்டு. குழுவும் அதைத் தொடங்கும் திட்டத்தில் இருக்கிறது. அந்தக் குளவியை வளர்க்க வேறு முட்டை வேண்டும்: படைப்புழு சேர்ந்த ஸ்போடாப்டெரா இனத்து அந்துகள் மயிர் மூடிக் குவியலாக இடும் முட்டைகள். குறி வைக்கும் முறையும் வேறு, இட்டு முடித்ததும் ஊசி முனையால் ஓட்டின்மேல் பூசும். 6:1, 24 மணி நேரம் என்ற எண்களை அங்கே அப்படியே எடுத்துப்போக முடியாது. அதே மூன்று பைச் சோதனையை அந்தக் குளவிக்கும் தனியாக நடத்திய பிறகே விற்பனை என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள்.